பாடும் பிள்ளையும்

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் வழக்கில் ‘பாடு’ என்றொரு சொல் உண்டு. ஏரியின் நல்ல இடங்களில் யார், எந்நாளில் வலையிடுவது என ஊர் கூடிக் குலுக்கலால் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு அது பெயர். நாமறிந்த தமிழில் பாடு துன்பத்தையும் குறிக்கும். இரு பொருளும் ஒரே வீட்டில் குடியிருக்கக் கண்டோம்.

முறைக்குக் காத்திருப்பதே வாழ்வாகிய அவ்வூரில், காத்திருக்கவே இயலாத எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். சொல்லி முடிக்குமுன் ஓடுவான். வைத்த பொருளின் இடம் அறியான். தந்தை இரவெல்லாம் ஏரியில் இருந்து விடியலில் திரும்புபவர். அவர் கண்ணயரும் வேளையே இவன் ஆர்ப்பரிக்கும் வேளை. முகத்துவாரம் மணல் மூடி இறால் வரத்துக் குன்றிய நாளில் அடி இரட்டிக்கும். “அடிச்சப்புறம் எனக்குத்தான் சார் தூக்கம் வரல” என்றார் அவர். தாய் பேசவேயில்லை.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றி 1902-இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் விரிவுரையாற்றினார். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என இன்று வழங்குவது இதனையே. இது வளர்ப்பின் பிழையன்று. பெரிதும் மரபுவழி வருவது. “நானும் சின்னதுல இப்படித்தான்” எனத் தந்தை சொன்னது வெறும் பேச்சன்று. செய்யத்தக்கது எதுவெனப் பிள்ளை அறியும். அந்நொடியில் தன்னைத் தடுக்கத்தான் அறியாது. ஆதலின் மாலையில் விழும் அடி காலைப் பிழையைத் திருத்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஏவல், முகம் நோக்கிச் சொல்லுதல், செய்தவுடன் பாராட்டு ஆகியனவே பயன் தருவன. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வர்.

ஆயின், உறக்கமும் மன அமைதியும் இழந்தவரிடம் இந்நிதானத்தை எங்ஙனம் எதிர்பார்ப்பது? மனச்சோர்வுற்ற தாய் ஒருநாள் அடிப்பாள், மறுநாள் கண்டும் காணாதிருப்பாள். ஒழுங்கற்ற கண்டிப்பால் பிள்ளையின் அலைவு மிகும். அவள் குற்றவுணர்வும் மிகும். ‘வளர்ப்புச் சரியில்லை’ எனப் பெரியோர் நாம் சொல்லும் சொல் அச்சுமையின் மேல் இன்னொரு கல். பள்ளியில் அடித்தலை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்தது. வீட்டினுள் சட்டம் எங்கே நுழைகிறது!

பெற்றோர் மனத்தைத் தேற்றுதல் எளிய ஊர்களிலும் இயலும். பாகிஸ்தானின் இராவல்பிண்டிச் சிற்றூர்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள், மனச்சோர்வுற்ற கருவுற்ற தாய்மாரை வீடு தேடிச் சென்று, மகப்பேற்றுக்குப் பின்னும் தொடர்ந்து உரையாடினர். 2008-இல் வெளியான ஆய்வின்படி, ஆறு திங்களில் அவர்களுள் 23 விழுக்காட்டினருக்கே சோர்வு எஞ்சியது. அவ்வுதவி பெறாதாருள் 53 விழுக்காடு.

சென்னைக்குச் சென்று மருத்துவரைக் காணலாமே என்றோம். ஒருநாள் சென்றால் அன்றைய பாடு போயிற்று என்றார் தந்தை. மறுக்க நாவெழவில்லை. 2022 முதல் இயங்கும் அரசின் கட்டணமில்லா மனநலத் தொலைபேசி எண் 14416-ஐச் சிறுவனின் நோட்டில் எழுதிக் கொடுத்தோம். சற்று நேரத்தில் அந்நோட்டைக் காணோம். தாயே தேடியெடுத்து, அவ்வேட்டைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.