முப்பது வீட்டுக் கூட்டாஞ்சோறு

கூட்டாஞ்சோறு ஆக்கும்போது ஒவ்வொரு வீட்டு அரிசியும் பருப்பும் ஒரே அண்டாவில் விழும். கொதி வந்தபின் யார் வீட்டு அரிசி எது என்று பிரிக்க முடியாது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ இப்படி முப்பது வீட்டு அண்டா. அணிகள் தனித்தனி முதலாளிகளுடையவை. தேசியத் தொலைக்காட்சிப் பணமோ பொதுவில் சேர்ந்து சமமாகப் பிரிகிறது. ஒருவர் கை அழுக்கானால் முப்பது வீட்டுச் சோற்றுக்கும் கேடு.

2014 ஏப்ரலில் அதுதான் நடந்தது. கறுப்பினத்தவரை என் ஆட்டங்களுக்கு அழைத்து வராதே என்று லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் தன் தோழியிடம் சொன்ன ஒலிப்பதிவு வெளியானது. இரண்டு நாளில் ஓக்லண்டில் ஆட்டம். அவருடைய வீரர்கள் நடு வட்டத்தில் மேல்சட்டைகளைக் கழற்றிப் போட்டார்கள். உள்ளே இருந்த சிவப்புச் சட்டையில் அணியின் பெயர் தெரியவில்லை. உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார்கள். விளம்பரதாரர்களும் பந்தியில் இலையை மூடி எழுவதுபோல் விலகத் தொடங்கினார்கள்.

இங்கே கரண்டி பிடிப்பவர் ஆணையர் ஆடம் சில்வர். ஏப்ரல் 29 அன்று ஸ்டெர்லிங்குக்கு ஆயுள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். அடுக்களைப் பக்கமே வராதே என்று சொல்ல அவரால் முடியும். பங்கைப் பறிக்க முடியாது. அதற்கு உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் கைதூக்க வேண்டும். அந்த வாக்கெடுப்புக்கு முன்பே, குடும்ப அறக்கட்டளை வழியாக ஸ்டெர்லிங்கின் மனைவி அணியை ஸ்டீவ் பால்மருக்கு 200 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்துவிட்டார். தவறு செய்தவருக்கு இவ்வளவு பணமா என்று வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் வெந்த அரிசியை அள்ளித் திருப்பிக் கொடுக்க முடியாதே. விலையைக் கொடுத்துத்தான் ஆளை அனுப்ப முடியும். அணி பிழைத்தது, வீரர்கள் பிழைத்தார்கள். எனக்கு அதுவே பெரிது.

நம்மூரில் அண்டாவையே கவிழ்த்தோம். 2013 ஐபிஎல் கிரிக்கெட் பந்தய விவகாரத்தில் சிக்கியவர் சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன். உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015-இல் அவருக்கு ஆயுள் தடை விதித்ததோடு அணியையும் இரண்டாண்டு நிறுத்தியது. தனிப்பட்ட பேச்சின் அசிங்கத்தைவிடப் பந்தயம் ஆட்டத்துக்கே நஞ்சு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் 2016, 2017 இரண்டு சீசனும் பட்டினி கிடந்தது சேப்பாக்கத்து ரசிகன்.

என் பெரிய வருத்தம் வேறு. பால் அடுப்பேறும் முன் முகர்ந்து பார்ப்போமே, அதை லீக் செய்யவில்லை. வீடு வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாடு காட்டினார் என்று அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில் 2009-இலேயே ஸ்டெர்லிங் தரப்பு 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. ஊரறிந்த செய்தி. லீக் அசையவில்லை.

ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் ராபர்ட் சார்வர் பணியிடத்தில் இனவெறியோடும் பெண்களை இழிவுபடுத்தியும் பேசினார் என்ற விஷயத்திலும், 2021-இல் விளையாட்டு ஊடகமான ஈஎஸ்பிஎன் எழுதிய பிறகுதான் விசாரணை. 320 பேரிடம் கேட்டார்கள். ஓராண்டுத் தடையும் ஒரு கோடி டாலர் அபராதமும் வந்தன. போதாது என்று நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். சில நாளில் சார்வர் அணியை விற்பதாக அறிவித்தார். அந்த 320 பேரில் பலர் அவரிடமே வேலை பார்த்தவர்கள். எந்தப் பாத்திரத்தில் அடிப்பிடித்தது என்று கழுவுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். பத்திரிகையில் வருவதற்கு முன்பே, வேலைக்கு ஆபத்தில்லாமல் அவர் லீக்கிடம் சொல்ல ஒரு வழி வேண்டும். அப்படி வந்த புகாரை மற்ற 29 முதலாளிகள் கையில் விடாமல் வெளியாள் விசாரிக்க வேண்டும்.