பிரிச்சுப் போட்ட கான்டெஸா வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



கும்மிடிப்பூண்டி சிப்காட்லயோ திருவள்ளூர் பக்கமோ வேலை பார்க்கிறீங்க. கார் பைத்தியம் உண்டு. எங்கேயோ ஒரு ஷெட்ல பழைய கான்டெஸா கிடக்குது. இன்ஜின் தனியா, கதவு தனியா, மிச்ச பார்ட்ஸ் எல்லாம் சாக்குமூட்டையில. "80,000 குடுத்துட்டு எடுத்துக்கோங்க"னு சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்கலாம். ஆனா வண்டியை முதல்ல வாங்காதீங்க, பணத்தை முதல்ல சேருங்க. ஏன்னு பார்ப்போம்.

ஏன் கான்டெஸா மேல இவ்வளவு மோகம்?

அமெரிக்காவில 1960-கள்ல போன்டியாக் ஜிடிஓ மாதிரி கார்கள்ல பெரிய வி8 இன்ஜினை வெச்சாங்க. அதைத்தான் மசில் கார்னு சொல்றோம். நம்ம ஊர்ல அந்தப் பேரை வாங்கினது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரை அடிப்படையா வெச்சு, 1984-ல இருந்து 2002 வரைக்கும் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில தயாரிச்சாங்க. நீளமான பானெட், பின்சக்கர இயக்கம், கம்பீரமான தோற்றம். வி8 எல்லாம் கிடையாது. ஆரம்பத்தில அம்பாசடரோட 1.5 லிட்டர் இன்ஜின்தான், பிறகுதான் இசுஸுவின் 1.8 லிட்டர் வந்தது.

இதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் நம்ம திருவள்ளூர் ஆலையில 1998-ல இருந்து மிட்சுபிஷி லான்சர் தயாரிச்சது. அதனால இந்தப் பக்கம் அந்தக் கம்பெனி பேருக்குத் தனி மவுசு உண்டு.

நமக்கு உதவுற விஷயம் ஒண்ணு: அதே இசுஸு 1.8 இன்ஜின் அம்பாசடர்லயும் வந்தது. அதனால இன்ஜின் பார்ட்ஸைப் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடுன்னு அலைஞ்சு தேட வழி இருக்கு. கஷ்டம் எதுலன்னா கண்ணாடி, ரப்பர் பீடிங், குரோம் பட்டை, உள்பக்க பிளாஸ்டிக் இதுலதான். பிரிச்சுப் போட்ட வண்டியில முதல்ல காணாமப் போறதும் இதுங்கதான். விலை 80,000-னு குறைஞ்சதுக்குக் காரணமே, மூட்டையில எது இல்லைன்னு யாருக்கும் தெரியாததுதான்!

இப்போ கணக்குக்கு வருவோம்

இது உதாரணக் கணக்கு. உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

- வண்டி விலை: 80,000
- டிங்கரிங், பெயின்ட், இன்ஜின், பிரேக், வயரிங், சீட் (எல்லாத்துக்கும் தனித்தனியா விலை கேட்டு): 3,00,000
- எதிர்பாராத செலவு, 30 சதவீதம்: 90,000
- மொத்தம்: 4,70,000

மாசம் 10,000 ஒதுக்க முடியும்னு வைப்போம். ஷெட் வாடகை மாசம் 1,500.

*வழி 1: வண்டி முதல்ல.* 8 மாசத்தில 80,000 சேர்த்து வண்டியை எடுத்துடறீங்க. அதுக்கப்புறம் வாடகை போக மாசம் 8,500 தான் வேலைக்குப் போகும். மீதி 3,90,000 செலவழிக்க 46 மாசம் ஆகும். ஆக மொத்தம் 54 மாசம். வாடகை மட்டும் 69,000. மொத்தச் செலவு 5,39,000. இத்தனை மாசமும் தகடு துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கும், அது தனி.

*வழி 2: பணம் முதல்ல.* 36 மாசம் ஆர்டி போடறீங்க. 3,60,000 சேரும். 6 சதவீதம்னு வெச்சாக்கூட வட்டி 30,000-க்கு மேல. அப்புறம் வண்டி வாங்கி, அந்தக் கடைசி 12 மாசமும் மாசம் 10,000 போட்டுக்கிட்டே ஒரே மூச்சில வேலையை முடிக்கிறீங்க. வாடகை 18,000. மொத்தச் செலவு 4,88,000. 48 மாசத்தில வண்டி ரோட்டுல.

அதே வண்டி. 51,000 மிச்சம், 6 மாசம் முன்னாடியே முடியுது. முக்கியமா, நடுவுல கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தா ஆர்டியை உடைக்கலாம். பாதி பெயின்ட் அடிச்ச கதவை யார்கிட்ட விக்கிறது?

"அதுக்குள்ள வண்டி கைவிட்டுப் போயிடுமே, விலையும் ஏறிடுமே"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. விலை ஏறலாம். ஆனா மத்தவங்க ஆரம்பிச்சு முடிக்க முடியாம விக்கிற வண்டிகளும் வந்துக்கிட்டேதான் இருக்கும். பணத்தோட காத்திருக்கிறவருக்குத்தான் அது நல்ல விலையில அமையும்.

பேப்பர் இல்லைன்னா அது வெறும் இரும்பு

- ஆர்சியில இருக்கிற சேசிஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணான்னு கண்ணால பாருங்க. பழைய லோன் (எச்பி) நீக்கியாச்சா, பதிவு ரத்தாகலையான்னு விசாரிங்க.
- இன்ஜின் மாத்தியிருந்தா, இல்ல நீங்க மாத்தப் போறீங்கன்னா, ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில பதிவும் வேணும். பழைய இன்ஜினை பில் இல்லாம வாங்காதீங்க.
- தனியார் காரோட பதிவு 15 வருஷத்துக்கு. அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. கடைசி கான்டெஸா 2002-ங்கிறதால எல்லா கான்டெஸாவும் இதுல வரும். பசுமை வரி தனி.
- "வின்டேஜ் பதிவு வாங்கிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான். முதல் கான்டெஸாவுக்கே 2034 ஆகணும்.
- தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். முழு இன்சூரன்ஸ் எடுத்தா, 5 வருஷம் தாண்டின வண்டியோட மதிப்பை (ஐடிவி) நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். செலவு பில் எல்லாத்தையும் பத்திரமா வைங்க.

இது முதலீடா?

இல்லை. தெளிவா சொல்லிடறேன்.

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற காரை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தா பார்க்கிறதில்லை. லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம் வந்தா வேற லாபத்தோட கழிச்சுக்கவும் முடியாது. ஆனா வாங்கி, சரி பண்ணி, விக்கிறதையே வாடிக்கையா வெச்சீங்கன்னா அது தொழில் வருமானம் ஆகிடும்.

அதே 10,000-ஐ 47 மாசம் எஸ்ஐபி-ல போட்டு, வருஷத்துக்கு 10 சதவீதம் வந்தா (உத்தரவாதம் இல்லை) சுமார் 5.7 லட்சம். இன்னொரு மறைமுகச் செலவும் இருக்கு: வண்டிக்காக நீங்க விடற ஞாயித்துக்கிழமை ஓவர்டைம். இவ்வளவும் தெரிஞ்சு, "எனக்கு இது வேணும்"னு தோணினா தாராளமா செய்ங்க. சினிமாவுக்குப் போனா லாபமான்னு யாரும் கேக்கிறதில்லையே!

தொடங்கும் முன்னாடி நாலு விதி

1. 6 மாசச் செலவுக்கான அவசர நிதியும் ஹெல்த் இன்சூரன்ஸும் முதல்ல. அப்புறம்தான் கார்.
2. கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். கார்டு பாக்கிக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போகும்.
3. ஆர்டியைத் தனி அக்கவுண்ட்ல வைங்க. அதுல பணம் தீர்ந்தா வேலையை நிறுத்துங்க, பிஎஃப்-ல கை வைக்காதீங்க.
4. வெல்டிங், ஃபிட்டர் வேலை தெரிஞ்சவங்க நம்ம ஏரியாவில நிறைய பேர். உங்களுக்கே தெரிஞ்சா கூலி மிச்சம். தெரியாத வேலையைக் கத்துக்கிறதுக்கு பிரேக்கைத் தேர்ந்தெடுக்காதீங்க.

உங்க கணக்கை இதே மாதிரி ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. எத்தனை மாசம் வருதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. சந்தேகம் இருந்தா அதையும் கேளுங்க, அடுத்த வீடியோவில பதில் சொல்றேன்.