ஈ-டைப்பா, டிபி5-ஆ? பெயின்ட்டுக்கு அடியில பாருங்க

இன்னைக்கு ஒரு கற்பனைக் கணக்கு. கையில எக்கச்சக்கமா காசு இருக்கு, 1960-களோட பிரிட்டிஷ் கார் ஒண்ணு வாங்கணும். ஜாகுவார் ஈ-டைப்பா, ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ஆ? இந்தச் சண்டை வழக்கமா அழகைப் பத்தியும் ஜேம்ஸ் பாண்டைப் பத்தியும்தான் ஓடும். ஆனா வாங்கினவங்களோட காசைத் தின்னுறது பாடி.

முதல்ல விலை. 1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஈ-டைப் வந்தப்போ, 150 மைல் வேகம்னு சொன்னாங்க; விலை சுமார் 2,100 பவுண்டுதான். 1963-இல் வந்த டிபி5-க்கு 4,000 பவுண்டுக்கு மேல. அந்தக் காசுக்கு கிட்டத்தட்ட ரெண்டு ஈ-டைப் வாங்கலாம். ஜாகுவார் 1974 வரைக்கும் எழுபதாயிரத்துக்கு மேல செஞ்சுது. டிபி5 சுமார் ஆயிரம்தான், அதுவும் 1965-லயே முடிஞ்சுபோச்சு. அதனால இன்னைக்கு ரெண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு.

இப்போ பாடிக்கு வருவோம். ஈ-டைப்போட நடுப்பகுதி மோனோகாக். தனியா சேஸிஸ் கிடையாது, ஸ்டீல் தகடுகளை வெல்டு பண்ணின பெட்டிதான் காரோட எலும்பு. இன்ஜினைத் தாங்குற குழாய்ச் சட்டத்தை அதுக்கு முன்னாடி போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. அப்போ கதவுக்குக் கீழே இருக்கிற சில் துருப்பிடிச்சா, அது எலும்பு முறிவு மாதிரி. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கும், விரலால அழுத்தினா உள்ள போகும்.

டிபி5-இல் இருக்கிறது சூப்பர்லெஜ்ஜெரா. மிலான் நகரத்து டூரிங் கம்பெனியோட முறை. மெல்லிய ஸ்டீல் குழாய்கள்ல ஒரு கூடு, அதுக்கு மேல கையால வடிவமைச்ச அலுமினியத் தகடு. அலுமினியம்தான் துருப்பிடிக்காதேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. ரெண்டு உலோகமும் தொடுற இடத்துல ஈரமும் உப்பும் சேர்ந்தா அது ஒரு குட்டி பேட்டரி, அதுல அலுமினியம் கரையும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எங்க வந்து நிக்குது பாருங்க! சரிபண்ண தகட்டைக் கழட்டி, கெட்டுப்போன குழாயை மாத்தி, திரும்பவும் கைவேலை. ஈ-டைப்புக்கு சில், தரைத் தகடெல்லாம் இன்னும் புதுசாவே கிடைக்குது.

அப்போ ஈ-டைப்தானே லாபம்? அங்கதான் கணக்கு தலைகீழாகுது. டிபி5 ரிப்பேர் பில் பயங்கரமா வரும், ஆனா காரோட மதிப்பு அதைத் தாங்கிடும். மோசமான ஈ-டைப்பை மலிவா வாங்கி முழுசா சரிபண்ணினா, செலவு காரோட மதிப்பைத் தாண்டிடலாம். அதனால ஈ-டைப்னா நல்லதா பார்த்து வாங்கறதுதான் சிக்கனம்.

இன்னொண்ணு, மேட்சிங் நம்பர்ஸ். சேஸிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் நம்பர்கள் தொழிற்சாலைப் பதிவோட ஒத்துப்போகணும். நம்ம பாஷையில செக்சம். ஒண்ணு பொருந்தலைன்னா கார் நல்லாத்தான் ஓடும், விலைதான் இறங்கும்.

நானா இருந்தா 1964 கடைசியில வந்த 4.2 லிட்டர் ஈ-டைப்தான். முதல் கியருக்கும் சின்க்ரோ இருக்கு, சீட்டும் பரவாயில்ல. பின் பிரேக் மட்டும் சக்கரத்துகிட்ட இல்லாம உள்ள டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். டிஸ்க் மாத்தணும்னா பெரும்பாலும் மொத்த பின் சப்ஃபிரேமையும் இறக்கணும்னு மெக்கானிக் சொல்வார். அன்னைக்கு மட்டும் என்னைத் திட்டாதீங்க.