சுகப்பிரசவத்துக்கு யார் துணை? 'மிட்வைஃப் வேண்டும்' என்ற கோரிக்கையின் பின்னணி

பாபநாசம் பக்கத்தில் உள்ள திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் குழந்தை வரம் கேட்பவர்களுக்கு நெய், நிறைமாதத்தை நெருங்குகிறவர்களுக்கு விளக்கெண்ணெய். அந்த விளக்கெண்ணெய் எதற்கு என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சுகப்பிரசவத்துக்குத்தான். சரி, வேண்டிக்கிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு ஆபரேஷன் இல்லாமல் பிரசவமாக வாய்ப்பு எவ்வளவு?

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9% சிசேரியன். 2015-16 ஆய்வில் இது 34.1% ஆக இருந்தது. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8%, அரசு மருத்துவமனைகளில் 36%. இந்திய சராசரியே 21.5% தான். ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய்-சேய் மரணங்கள் மேலும் குறைவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 அறிக்கை. பழியை எல்லாம் டாக்டர்கள் மேல் போட்டுவிடவும் முடியாது. ஜோசியரிடம் நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து ஆபரேஷன் தேதி கேட்கும் குடும்பங்களும் நம்ம ஊரில் உண்டு.

அப்போ வீட்டிலேயே பிரசவமா?

இல்லவே இல்லை. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் இறந்துபோனார். மிட்வைஃப் என்றதுமே பலருக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வருகிறது. இரண்டும் வேறு வேறு. தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2018-20-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், இங்கே 54. இதை யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

மிட்வைஃப் என்ன செய்வார்?

மத்திய அரசு 2018 டிசம்பரில் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்களுக்கு 18 மாத சிறப்புப் பயிற்சி. பெரிய மருத்துவமனைக்குள்ளேயே மிட்வைஃப்கள் நடத்தும் தனிப் பிரிவு. சிக்கல் இல்லாத பிரசவங்களை அவர்கள் பார்ப்பார்கள். ஏதாவது மாறினால், பக்கத்திலேயே டாக்டரும் தியேட்டரும் இருக்கும். இதில் தெலங்கானா முந்திக்கொண்டு, 2017-லேயே கரீம்நகரில் பயிற்சியைத் தொடங்கிவிட்டது.

வலி வந்ததும் மல்லாக்கப் படுக்க வைத்துவிடாமல், நடக்க விடுவது, தண்ணீர் குடிக்க விடுவது, வசதியான நிலையில் பெற்றெடுக்க விடுவது, அதட்டாமல் கூடவே இருப்பது. கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, கர்ப்பம் முதல் பிரசவம் வரை மிட்வைஃப்களே தொடர்ந்து கவனித்த பெண்களுக்கு ஆயுதப் பிரசவமும் சிசேரியனும் குறைகிறது என்று கண்டது.

நம்மிடம் ஏற்கெனவே ஆட்கள் இல்லையா?

இருந்தார்கள். டெல்டா கிராமங்களில் பாட்டிகள் தலைமுறைக்கு மருத்துவச்சி. அதற்குப் பிறகு கிராம சுகாதார செவிலியர், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஸ்டாஃப் நர்ஸ்கள். இப்போது கொஞ்சம் சந்தேகம் என்றாலும் ரெஃபர். தஞ்சாவூரில் அது போய்ச் சேருமிடம் அரசு ராசா மிராசுதார் மருத்துவமனை. சிக்கலான கேஸும் சாதாரண கேஸும் ஒரே லேபர் வார்டில் குவிந்தால், ஒரு பெண்ணின் பக்கத்திலேயே மணிக்கணக்கில் நிற்க எந்த நர்ஸுக்கு நேரம் இருக்கும்? தனிப் பிரிவு தேவைப்படுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்டால் கிடைக்குமா?

கேட்டுக் கிடைத்தவை உண்டு. வெள்ளை ரிப்பன் கூட்டமைப்பு கேட்டதால்தான் கஸ்தூர்பா காந்தியின் பிறந்தநாளான ஏப்ரல் 11, 2003-ல் தேசிய பாதுகாப்பான தாய்மை தினமாக அறிவிக்கப்பட்டது. அதே அமைப்பு பின்னர் 114 நாடுகளில் சுமார் 12 லட்சம் பெண்களிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டது. முதலிடத்தில் வந்த பதில், மரியாதையான கவனிப்பு. 2017-ல் மும்பையைச் சேர்ந்த சுபர்ணா கோஷ், மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வெளியிட வேண்டும் என்று ஆன்லைன் மனு போட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

நம்ம மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் கர்ப்பிணியுடன் ஓர் உறவுக்காரப் பெண் இருக்கலாம் என்ற பிரசவத் துணை திட்டம் 2004-லேயே இங்கே வந்துவிட்டது. அம்மாவோ, அக்காவோ, மாமியாரோ, யாரைக் கூட்டிப்போவது என்று ஏழாம் மாதமே பேசி வையுங்கள். செக்கப்புக்குப் போகும்போது, துணைக்கு அனுமதி எப்படி என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். தனியார் என்றால், அங்கே நூற்றுக்கு எத்தனை சிசேரியன் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.