இயந்திர எழுத்தும் இயல்பான தமிழும்



விண்ணப்பம் எழுதவும் இரங்கற் கடிதம் வரையவும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை நாடுவோர் இன்று பலராவர். ஆயினும், அது எழுதித் தருவதைப் படித்தவுடன், மனிதர் பேச்சாக அது தோன்றுவதில்லை. இதற்குக் காரணம் யாது? மாற்று வழி உண்டா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கைக் குழாயில் 3 நாட்களாக நீர் வரவில்லை என்று பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கேட்கின்றோம். 'நீர் மனித வாழ்வின் அடித்தளம்' என்று இயந்திரம் தொடங்கும். 'என்பதைக் கவனத்திற் கொள்வது முக்கியமாகும்' என்று இடையில் நீட்டும். சொன்னதையே திரும்பச் சொல்லி முடிக்கும். குழாய் எந்த ஒழுங்கையில் உள்ளது என்பதை அலுவலர் தேடித்தான் காணவேண்டும்.

காரணங்கள் இரண்டு. ஏராளமான எழுத்துகளைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்து எழுதுவது இவ்வியந்திரம். ஆதலின், பலரும் வழங்கும் பொதுத்தொடர்களே அதற்கு முதலில் வருகின்றன. கற்றவற்றுள் ஆங்கிலமே மிகுதியாதலால், தமிழிலும் ஆங்கில வாக்கிய அமைப்புத் தலைகாட்டுகின்றது. அடுத்து, அதன் விடைகளை மனிதர் ஒப்பிட்டுத் தரப்படுத்திப் பயிற்றுகின்றனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனம், அது மிகையாக நீட்டுகின்றது என்றும், நிறைவாகத் தோன்றும் நீண்ட விடைகளைப் பயிற்றுநர் விரும்பியது இதற்கொரு காரணம் என்றும் அப்பொழுதே கூறியது. ஆகவே, இக்குறை மனிதர் பழக்கியது. நாம் தெளிவாகப் பணித்தால் பெரிதும் குறையும்.

'சுருக்கமாக எழுது' என்பது மட்டும் போதாது. படிப்பவர் யார், எத்தனை சொற்கள், எது முதலில் வரவேண்டும் என்பவற்றைக் குறிப்பிடுக. 'சபைச் செயலாளருக்கு, 60 சொற்களுக்குள், முதல் வாக்கியத்தில் குறையும் இடமும், அடுத்ததில் வேண்டுகோளும்' என்று பணித்துப் பாருங்கள். 'அலங்காரம் வேண்டாம்' என்பதிலும் 'முகவுரையின்றிச் செய்தியிலிருந்து தொடங்கு' என்பது நன்கு பயன்படும். நீங்கள் முன்னர் எழுதிய கடிதமொன்றை மாதிரியாகக் கொடுத்தால், நடையும் உங்களுடையதை ஒட்டி அமையும். விவரங்களையும் நீங்களே கொடுத்தல் வேண்டும். கொடாவிடின், வெற்றுரையாலோ கற்பனையாலோ அது இடத்தை நிரப்பும்.

இறுதியாக, வந்ததை வாய்விட்டுப் படியுங்கள். நாவில் தடைப்படும் சொல்லையும், நீக்கினாலும் பொருள் குன்றாத வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள்.

இரங்கற் கடிதத்துக்கு இது மேலும் பொருந்தும். இறந்தவர் நமக்குச் செய்த உதவி இயந்திரத்துக்குத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தை நாமே எழுதவேண்டும். துயருற்றோர் தேடிப் படிப்பதும் அதனையே.