சிறிய மலைகளின் பெரிய கணக்கு

ஸ்காட்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவுக்குத் தென்மேற்கே, நகரத்து வீடுகள் முடியுமிடத்தில் தொடங்கிச் சுமார் இருபது மைல் தூரத்துக்குப் புல்லும் ஹீதர் புதரும் போர்த்துக் கிடக்கின்றன பெண்ட்லண்ட் குன்றுகள். இவற்றுள் மிக உயர்ந்த சிகரமாகிய ஸ்கால்டு லா 579 மீட்டர்தான். பனிமலைகளின் பிரதாபங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆயினும் மலைநடையில் பிரியமுள்ளவர்களும், மலைமேல் ஓடுவதையே விளையாட்டாகக் கொண்டவர்களும் வருஷம் முழுவதும் இங்கே வந்தவண்ணம் இருக்கிறார்கள். சிகரத்தின் உயரம் வேறு, கால்கள் ஏறும் உயரம் வேறு என்பதை இவ்வளவு தெளிவாகப் போதிக்கும் இடங்கள் அதிகமில்லை.

ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய பாறையையும் பழைய மணற்கல்லையும், பிற்காலத்துப் பனிப்பாளங்கள் தேய்த்து மழுக்கியதால், இங்குள்ள முகடுகள் பெரும்பாலும் உருண்டு திரண்டு, அலைமேல் அலையாக எழுந்து தாழ்கின்றன. ஃப்ளாட்டர்ஸ்டோனிலிருந்து புறப்படுபவர் முதலில் டர்ன்ஹவுஸ் குன்றின்மேல் ஏறி, சற்றே இறங்கி, மறுபடி கார்னெதியின்மேல் ஏறி, அரும்பாடுபட்டுச் சேர்த்த உயரத்தைத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, முற்காலத்தில் பெனிகுக் தேவாலயத்துக்கு மக்கள் நடந்த பாதை குறுக்கிடும் கணவாய்க்கு வந்து, அங்கிருந்து ஸ்கால்டு லாவையும், கிழக்கு கிப், மேற்கு கிப் என்னும் இரட்டைக் கூம்புகளையும் கடக்கிறார். திரும்பும் வழி, லோகன்லீ, கிளென்கார்ஸ் நீர்த்தேக்கங்களின் கரையோரம் சுகமாகச் செல்கிறது.

இத்தகைய பிரயாணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வில்லியம் நெயிஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் வகுத்த விதி இன்றும் வழக்கில் இருக்கிறது. 3 மைல் தூரத்துக்கு ஒரு மணி. அதன்மேல், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி. 12 மைல் பாதையில் மொத்த ஏற்றம் 3000 அடியானால், நாலு மணியுடன் ஒன்றரை மணி சேர்த்து ஐந்தரை மணி நேரம் ஆகும். அந்த 3000 அடி ஒரே சிகரத்தில் இருக்கவேண்டுமென்பதில்லை. ஐந்தாறு சிறு குன்றுகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தாலும் தொடைத்தசைக்கு எல்லாம் ஒரே கணக்குத்தான்.

ஓடுபவர்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. 1303-ல் நடந்த ராஸ்லின் யுத்தத்தின் நினைவாகப் பிப்ரவரி மாதத்தில் நடைபெறும் 'கார்னெதி ஐந்து' என்னும் பந்தயத்தில், ஐந்து சிகரங்களை ஒரே மூச்சில் சுற்றிவர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் தேர்ந்த வீரர்களும் ஓடுவதில்லை. இடுப்பை வளைத்து, உள்ளங்கைகளால் முழங்காலை ஊன்றித் தள்ளியபடி, விரைந்து நடக்கிறார்கள். ஈரப்புல்லில் வழுக்காதிருக்க அடியில் ரப்பர் முளைகள் பதித்த காலணி அணிந்து, இறக்கத்தில் அஞ்சாமல் கால்களை வீசிவிடுபவரே பல சமயங்களில் முந்துகிறார். நான்கு சிகரங்களை முடித்தபின் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிக் கடைசியாகக் கார்னெதியில் ஏறுவதுதான் உண்மையான பரீட்சை.

இக்குன்றுகளின் சாந்தமான தோற்றத்தில் வேறோர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. கரடுமுரடான மலையில் ஒரு பாறையோ பிளவோ அடையாளமாக உதவும்; ஆனால் மூடுபனி இறங்கியதும், ஒன்றைப்போலவே மற்றொன்று வழவழத்திருக்கும் இந்தச் சரிவுகளில் வடக்கும் தெற்கும் மயங்கிவிடும். ஆகையால் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் விவேகிகள் இங்கே ஏறுவதில்லை.

2003-ஆம் வருஷத்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்பவர் எவருக்கும் ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில் உலாவும் உரிமையை அளித்திருக்கிறது. ஆடுகள் மேயும் இம்மலைகளில் அந்தப் பொறுப்பு மிக எளியது: தாம் திறந்த படலை மூடிவிட்டுச் செல்வது, குட்டி ஈனும் பருவத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருப்பது. இவ்வளவையும் கடைப்பிடித்து, நெயிஸ்மித்தின் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொண்டு புறப்படுபவருக்கு, 579 மீட்டர் என்பது அற்ப உயரமென்ற எண்ணம் இரண்டாவது குன்றிலேயே மறைந்துவிடும்.