பொய் சொல்லும் முட்கள்

பனியன் தொழிலை நம்பி வாழும் ஊர்களில் ஜெனரேட்டர் ஆடம்பரப் பொருள் அன்று. 2008-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, 2012-இல் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் கடந்தது. அக்காலத்தில் திருப்பூரைச் சுற்றியுள்ள தையற்கூடங்கள் டீசலை எரித்தே பிழைத்தன. முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் மட்டுமல்ல, வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு நாலைந்து பவர் டேபிள்களை ஓட்டிவந்த குடும்பங்களிலும் ஒரு டீசல் எஞ்சின் குடியேறிற்று. மின்வெட்டு இன்று அவ்வளவு கொடுமையாக இல்லை. ஆயினும் எஞ்சின் மூலையிலேயே நிற்கிறது. மின்சாரம் நின்ற அன்று மட்டும் அதன் நினைவு நமக்கு வருகிறது.

அந்த எஞ்சினின் நெற்றியில் ஒரு சிறு பலகை உண்டு. எண்ணெயின் அழுத்தம், நீரின் வெப்பம், பாட்டரியின் நிலை, தொட்டியிலுள்ள டீசல், இதுவரை ஓடிய மணிக்கணக்கு ஆகியவற்றைக் காட்டும் மானிகள் அதில் பொருத்தப்பட்டிருக்கும். பல இடங்களில் இவற்றுள் ஒன்றிரண்டு செத்துக் கிடப்பதைக் காணலாம். ஏன் என்று கேட்டால், “அது ரொம்ப நாளாகவே அப்படித்தான்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றாம் நாள் சரக்கு அனுப்பியாக வேண்டும் என்ற நிலையில் எஞ்சின் இறுகிப்போனால், அந்தப் பதிலின் விலை தெரியவரும். பீஸ் கணக்கில் தைப்பவர்களுக்கு ஓடாத மணி நேரம் கூலியில்லாத மணி நேரம். அதன் பாரம் சனிக்கிழமைச் சம்பளத்தில் இறங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பலகையில் நாம் காண்பது எஞ்சினை அன்று. எஞ்சினைப் பற்றிய ஒரு செய்தியை மட்டுமே. அச்செய்தி நம் கண்ணுக்கு வந்து சேர நான்கு கைகள் மாறுகிறது. எஞ்சினில் திருகப்பட்டுள்ள சென்சார் ஒன்று. அதிலிருந்து பலகைக்கு வரும் ஒயர் இரண்டு. முள்ளை அசைக்கும் மானி மூன்று. இவையனைத்திற்கும் பொதுவான மின்னோட்டமும் எர்த்தும் நான்கு. முள் பொய் சொல்லும்போது இந்நால்வரில் எவர் குற்றவாளி என்று அறியாமல், கடைக்குப் போய்ப் புதிய மானி வாங்கி மாட்டுவதே நம் வழக்கம். அதுவும் அதே பொய்யைச் சொல்லும், பணந்தான் வீண்.

எனவே சோதனையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எல்லா முட்களும் சேர்ந்து தவறு செய்கின்றனவா, அல்லது ஒன்று மட்டுமா? எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் ஃப்யூஸ், சாவியின் பின்புற இணைப்பு, பலகையின் எர்த் ஒயர் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். எல்லாம் சேர்ந்து நடுங்கினாலும், பலகையின் விளக்கைப் போட்டவுடன் முட்கள் இடம் பெயர்ந்தாலும், எர்த் தளர்ந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம். விளக்கின் மின்னோட்டம் திரும்பிச் செல்ல நல்ல வழியில்லாமல், மானிகளின் வழியைப் பங்கு கேட்பதால் நேர்வது இது. இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் போதும். காசு செலவில்லாத வைத்தியம்.

கடற்கரையில் இவ்வித நோய் மிகுதி. தூத்துக்குடியிலும் குளச்சலிலும் விசைப்படகு வைத்திருப்போரைக் கேட்டால் தெரியும்; உப்புக் காற்று பட்டுச் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, படகின் மானிகள் ஒவ்வொன்றாய் வாய் மூடிவிடும். நமக்குக் கடல் இல்லையே என்று எண்ண வேண்டாம். சலவைப் பட்டறைகளின் அருகே காற்றில் கலக்கும் குளோரின் ஆவியும், மாதக்கணக்கில் எஞ்சினை ஓட்டாமல் நிறுத்திவைப்பதும் அதே களிம்பை இங்கும் வரவழைக்கின்றன. ஈரப்பதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பஞ்சுத் தூசு அதற்குத் துணை.

ஒரு முள் மட்டும் தவறு செய்தால் வேறு வழி. வெப்பமானியை எடுத்துக்கொள்வோம். (காற்றால் குளிரும் சிறு எஞ்சின்களில் இது இராது.) பெரும்பாலான சென்சார்கள், நீர் சூடேற ஏறத் தம் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். இந்த ஓர் உண்மை விளங்கினால் சோதனை தானாகவே விளங்கிவிடும். எஞ்சினை நிறுத்தி, ஆற விட்டு, சாவியை மட்டும் போடுங்கள். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். முள் குளிர்ந்த பக்கம் சாய வேண்டும். கழற்றிய ஒயரின் நுனியை எஞ்சினின் துரு இல்லாத இரும்பில் ஒரு நொடி தொட்டு எடுங்கள்; முள் சூட்டின் எல்லைக்கு ஓட வேண்டும். இரண்டும் நடந்தால் மானியும் ஒயரும் நல்லவை. சென்சாரிலோ அதன் எர்த்திலோதான் குறை. நடக்காவிட்டால் அதே சோதனையைப் பலகையின் பின்புறம், மானியின் முனையிலேயே செய்து பாருங்கள். அங்கே முள் அசைந்தால் இடையிலுள்ள ஒயர் அறுந்திருக்கிறது. அங்கும் அசையாவிட்டால், மானிக்கு மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு, அதன் பிறகே மானியைக் குற்றம் சொல்லலாம். எண்களைத் திரையில் காட்டும் புதுவகைப் பலகைகளில் இவ்வாறு ஒயரைத் தொட்டுப் பார்க்கலாகாது. அவற்றுக்குக் கையேட்டில் தனி முறை சொல்லியிருப்பார்கள்.

சென்சாரைச் சோதிக்க அடுப்பங்கரையே போதும். அதைக் கழற்றி, நீருள்ள பாத்திரத்தில் அதன் முனை மட்டும் மூழ்குமாறு பிடித்து, மல்டிமீட்டரை இணைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுங்கள். நீர் கொதி நிலையை நெருங்க நெருங்க ஓம் கணக்கு இடைவிடாமல் இறங்கி வர வேண்டும். அசையாமல் நின்றாலும், குதித்துக் குதித்து இறங்கினாலும் புதிது வாங்குவதே நலம். திரும்பப் பூட்டும்போது நீர் கசியக் கூடாதென்று குழாய்க்காரர்களின் வெள்ளை டேப்பைத் திருகின்மேல் தாராளமாகச் சுற்றுகிறோம். ஒற்றை ஒயர் கொண்ட சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்தத் திருகின் வழியாகத்தான். டேப் தடித்தால் எர்த் போயிற்று. புதிய சென்சாரும் ஊமையாகும்.

இதுவரை சொன்னது முள்ளின் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி. இனிச் சொல்வது முள் பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றும் வகை. இதனைக் குடும்பத்தில் எஞ்சின் அருகே நிற்கும் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சென்சார் தன்னைச் சூழ்ந்துள்ள நீரின் வெப்பத்தையே சொல்கிறது. குழாய் வெடித்தோ ரேடியேட்டர் ஒழுகியோ நீர் குறைந்துவிட்டால், சென்சார் வெறுங்காற்றில் நிற்கும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள்ளோ குளிர்ந்த பக்கம் இறங்கும்! ஏறிக்கொண்டிருந்த முள் காரணமின்றித் தணிந்தால் மகிழ வேண்டாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியையும் தாண்டிக் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் ஆவியாய்ப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

நம் பகுதியில் வெப்பம் ஏறுவதற்கு வேறு இரு காரணங்களும் உண்டு. ஒன்று, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடையாய்ப் படியும் பஞ்சுத் தூசு. மற்றது தண்ணீர். சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்ததன் விளைவாக ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது முற்றியிருந்தது. உப்பான போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்புப் படலம் கட்டும். அது சென்சாரின் மேலும் படிந்து, அதன் உணர்ச்சியை மந்தமாக்கும். எஞ்சினுக்கென்று விற்கும் கூலன்ட்டையோ, பாட்டரிக்கு ஊற்றும் வடிநீர் கலந்த கலவையையோ ஊற்றுவது செலவுதான். எஞ்சினைப் பிரித்து மாட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

எண்ணெய் அழுத்தம் வெப்பத்தைவிட அவசரமான செய்தி. வெப்பம் ஏற நிமிடங்கள் ஆகும்; எண்ணெய் நின்றுவிட்டால் பேரிங்குகள் அதற்குள் கெட்டுவிடும். பலகையிலுள்ள சிவப்பு விளக்கு, சாவி போட்டவுடன் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் அது எரியவில்லையானால் பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம். விளக்கு எரியாததை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்வோர் பலர். அது எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்! ஓடும்போது விளக்கு எரிந்தால், சென்சார்தான் கெட்டிருக்கும் என்று ஊகித்துக்கொண்டு ஓட்டலாகாது. நிறுத்தி, எண்ணெய்க் குச்சியை எடுத்து அளவு பாருங்கள். அளவு சரியெனில் மெக்கானிக்கை அழைத்து, சென்சாரின் துளையில் நேரடி அழுத்தமானியைப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கருவியில் மின்சாரமே இல்லை. 1849-இல் பிரான்சு நாட்டு யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் இன்றும் அதன் உள்ளே இருக்கிறது. அழுத்தம் ஏறினால் குழாய் நிமிர முயலும், முள் நகரும். மின்மானியும் சென்சாரும் முரண்படும்போது தீர்ப்பு வழங்க அதனை நம்பலாம்.

பல ஜெனரேட்டர்களில் எண்ணெய் குறைந்தாலும் சூடு மிஞ்சினாலும் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும் அமைப்பு உண்டு. சென்சார் கெட்டு அது அடிக்கடி நிறுத்தினால், அவசரத்தில் ஒயர்களைச் சேர்த்தோ கழற்றியோ “டைரக்ட்” செய்துவிடுவது பரவலான பழக்கம். அன்றைய ஷிப்ட் ஓடிவிடும். பிறகு யாரும் அதனைத் திரும்ப மாட்டுவதில்லை. பழைய ஜெனரேட்டரை விலைக்கு வாங்குவோர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வண்ணம் பூசியிருப்பதை அப்புறம் பார்க்கலாம்.

டீசல் மானியைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். மிதவை ஓட்டையாகி மூழ்கினால் எப்போதும் காலி என்று காட்டும். மேலே சிக்கிக்கொண்டால் எப்போதும் நிறைவு என்று காட்டும். சுத்தமான குச்சியை விட்டு அளப்பதில் பொய்யில்லை. மாற்றுச் சென்சார் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. ஐரோப்பிய முறையில் தொட்டி காலியாக இருக்கையில் ஏறக்குறைய 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க முறையிலோ காலிக்கு 240, நிறைவுக்கு 33. இரண்டும் தலைகீழ். ஒரு முறையின் மானிக்கு மறு முறையின் சென்சாரைப் பூட்டினால், டீசல் தீரத் தீர முள் நிறைவை நோக்கி ஏறும் வேடிக்கையைக் காணலாம்.

பாட்டரி வோல்ட்மானி 12 வோல்ட் அமைப்பில் எஞ்சின் நிற்கும்போது ஏறத்தாழ 12.6-உம், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். 24 வோல்ட் ஆனால் இருமடங்கு. இங்கே நம் கை நிற்க வேண்டும். பலகையின் மறுபுறத்தில், 415 வோல்ட் மின்சாரத்தை அளக்கும் மானிகள் இருக்கும். அந்த மூடியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டுமே திறக்கலாம். திறக்காமலே நமக்கு உதவும் ஒன்று அங்கே உண்டு. நான்கு துருவ ஜெனரேட்டரில் நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடினால் 50 ஹெர்ட்ஸ் வரும். ஆகவே வேகமானி கெட்டுப்போனால் ஹெர்ட்ஸ் மானியைப் பார்த்தே எஞ்சினின் வேகத்தை அறியலாம். 48 என்று காட்டினால் 1440 சுற்று.

மணிக்கணக்கு மானி நின்றுபோனால் பலர் பொருட்படுத்துவதில்லை. முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை, அது நின்றதால் எஞ்சின் நிற்கப்போவதும் இல்லை. ஆனால் எண்ணெய் மாற்ற வேண்டிய தவணையைக் கையேடு மணிக்கணக்கில்தான் கூறுகிறது. நாள்தோறும் நான்கு மணி நேரம் ஓடும் எஞ்சினும், மாதம் நான்கு மணி நேரம் ஓடும் எஞ்சினும் நாட்காட்டிக்கு ஒன்றே. புது மானி வாங்கும் வரை, கிளப்பிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு எழுதி வரலாம். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் ஒரு நாளும் தவறாது.